கேமிங் கம்ப்யூட்டரில் எதை மாற்றுவது, எதை விடுவது: சுங்கை சிப்புட் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கம்ப்யூட்டர் வாங்க, பழுது பார்க்க, பாகம் மாற்ற என்று பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எதற்கும் முன்னால் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காகக் காசு போடுவதென்றால் எந்தப் பாகம் இழுத்துப் பிடிக்கிறதோ அதில் மட்டும் போடுங்கள். பவர் சப்ளை, இடியிலிருந்து பாதுகாப்பு, எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் கம்பி) இந்த மூன்றில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கையில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. புது செட் போடலாமா, பழையதையே மேம்படுத்தலாமா?

பழையதில் எது திணறுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பலர் அதைப் பார்க்காமலேயே கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரையும் பாகம்) வாங்கி மாட்டிவிட்டு, கேம் இன்னும் அப்படியேதான் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது என்று வருகிறார்கள். நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறந்து, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் திரை மூலையில் எண்கள் தெரியும்படி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விளையாடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லை. அது 50, 60-லேயே நின்றுகொண்டு ஃபிரேமும் (நொடிக்கு எத்தனை படம்) குறைவாக வந்தால், கேமில் ஃபிரேம் வரம்போ வி-சிங்க்கோ (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு) போட்டிருக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு, புராசசரையோ (கணக்குப் போடும் மூளை) ராமையோ (வேலை நேர நினைவகம்) சந்தேகப்படலாம். புராசசர் மொத்தத்தில் 40 சதவீதம்தான் ஓடுகிறது என்று காட்டினால் ஏமாந்துவிட வேண்டாம். பல கேம்கள் புராசசருக்குள் இருக்கும் கோர்கள் என்ற வேலைப் பிரிவுகளில் ஒன்றிரண்டை மட்டுமே பிழிந்தெடுக்கும், மற்றவை சும்மா கிடக்கும், அதனால் கோர் வாரியாகப் பாருங்கள்.

இன்னொரு சோதனைக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். கேமில் திரை அளவை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் கிடுகிடுவென ஏறினால் கார்டை மாற்றினால் பலன் உண்டு. ஏறவே இல்லை என்றால் எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் அதே ஃபிரேம்தான் வரும். வாலரண்ட், டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்களை மட்டும் விளையாடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது நிலைமைதான் அடிக்கடி வரும்.

எஸ்எஸ்டி அவசியமா?

அவசியம். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு. விண்டோஸ் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதை மாற்றுங்கள். சாதா சாட்டா (பழைய இணைப்பு வகை) எஸ்எஸ்டியே போதும், கேம் விளையாடும்போது விலையுயர்ந்த என்விஎம்இக்கும் (இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை) இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகும் பலகை) எம்.2 துளை (எஸ்எஸ்டி செருகும் சிறு இடம்) இருக்கிறது என்பதற்காக என்விஎம்இ வாங்கிவிடாதீர்கள், சில பழைய போர்டுகளில் அந்தத் துளை சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும். போர்டின் மாடலைப் போட்டு கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ராம் 8 ஜிபி போதுமா?

இப்போது போதாது, 16 வேண்டும். முக்கியமாக, ஒரே 16-ஐ விட இரண்டு 8 நல்லது. ராம் இரண்டு பாதையில் ஓடினால்தான் புராசசருக்கு முழுவேகத்தில் தீனி கிடைக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் புராசசரோடு வரும் கிராபிக்ஸிலேயே விளையாடுகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே ஃபிரேம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். நான்கு துளை உள்ள போர்டில் புராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள். முதல் இரண்டில் பக்கத்து பக்கத்தில் மாட்டினால் பெரும்பாலான போர்டுகளில் ஒரே பாதையில்தான் ஓடும்.

அப்புறம் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும், போர்டில் இருக்கும் மென்பொருள்) போய் எக்ஸ்எம்பியை (ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்குங்கள், ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி, எக்ஸ்போ என்று பெயர் இருக்கலாம். பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் இதைச் செய்யாதவரை அது 2133, 2400, 2666 என்று ஏதாவது குறைந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வருடக்கணக்கில் பயன்படுத்தாமலே வைத்திருக்கிற செட்டுகள் நிறைய.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. பழைய ராம் வகையான டிடிஆர்4 போர்டு வைத்திருக்கிறவர்கள் அதை எறிந்துவிட்டு புதிய வகையான டிடிஆர்5-க்கு ஓடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஈப்போவில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மலிவாக விற்கிறார்கள். வாங்கி கார்டு மாட்டினால் கேமிங் செட் ஆகிவிடுமா அண்ணே?

ஆகும், ஆனால் எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்தது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவை ஆபீஸிலிருந்து மொத்தமாகக் கழிக்கப்பட்டு வருபவை. உழைப்புக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று விஷயங்கள் மட்டும் பார்க்க வேண்டும்.

பெட்டியின் அளவு ஒன்று. ஒல்லியான பெட்டி என்றால் அரை உயரக் கார்டு மட்டும்தான் நுழையும், அதற்குத் தேர்வும் குறைவு, விலையும் கூடுதல். உயரமான டவர் பெட்டியைத் தேடுங்கள். இரண்டாவது, பவர் சப்ளை. இவற்றில் பல 200, 260 வாட் அளவுதான், கார்டுக்கான தனி 6 பின், 8 பின் வயர்களும் இருக்காது. கடையில் வாங்கிய சாதாரண பவர் சப்ளையை மாட்டலாம் என்றால், பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரே வழக்கமான 24 பின் கிடையாது, கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட வடிவம். ஆகவே தனி வயர் கேட்காத கார்டுதான் இந்தப் பெட்டிகளுக்குப் பொருத்தம். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை 70 வாட், மதர்போர்டுத் துளையிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்ளும். ஜிடிஎக்ஸ் 1650-லும் சில மாடல்கள் அப்படி வரும். அதே பெயரில் 6 பின் கேட்கும் 1650-ம் இருக்கிறது, அதனால் கார்டின் விளிம்பைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, எத்தனையாவது தலைமுறை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறையாவது, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையாவது வேண்டும், டிபிஎம் 2.0-ம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் வசதி) வேண்டும். ஐ7-4790 என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள், ஐ7 என்றதும் மனசு போகும். அதைவிட ஐ5-8500 இருக்கிற பெட்டிதான் உங்களுக்கு நாளைக்கும் உதவும். வாலரண்ட்டும் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ் அமைப்பு) இரண்டையும் கேட்கும், இல்லாவிட்டால் கேமுக்குள்ளேயே விடாது.

எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

திரை 1080 அளவு என்றால் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகளே பெரும்பாலான கேம்களுக்குத் தாராளம். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம். புதிதாக வரும் பெரிய கேம்களை முழு அமைப்பில் ஆட விரும்புகிறவர்களுக்கு 8 ஜிபி இறுக்கிப் பிடிக்கத் தொடங்கிவிட்டது, அவர்கள் ஆர்டிஎக்ஸ் 3060-ன் 12 ஜிபி வகையையோ ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகையையோ பார்க்கலாம். ஒரே பெயரில் இரண்டு நினைவக அளவு வருகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், 9060 எக்ஸ்டி 8 ஜிபியிலும் இருக்கிறது.

பழைய போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 6600-ம் 4060-ம் போர்டோடு எட்டு பாதைகளில்தான் பேசும், பிசிஐஇ (கார்டு செருகும் துளையின் தரம்) 3.0 உள்ள பழைய போர்டில் அதனால் கொஞ்சம் குறையும், பெரிதாகத் தெரியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதைதான், நினைவகமும் 4 ஜிபி. பழைய போர்டில் அது பரிதாபமாகத் திணறும். மலிவு என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

பழைய கார்டு வாங்கலாமா? மைனிங் கார்டாக இருந்தால்?

வாங்கலாம். மைனிங் என்றால் கார்டை இரவுபகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் தோண்டுவது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டால் தோண்டும் முறையை விட்டுவிட்டது, அப்போது ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன, இன்றும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதால் மட்டும் கார்டு கெட்டது ஆகிவிடாது. தேய்வது பெரும்பாலும் விசிறி, காய்ந்துபோவது சூட்டைக் கடத்தும் பேஸ்ட். இரண்டையும் மாற்றலாம்.

ஆனால் ஓடிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பேருந்து நிலையத்தில் சந்தித்துக் கவரை வாங்கிக்கொண்டு காசைக் கொடுக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டுக்கு அது ஒத்துவராது. விற்பவர் வீட்டுக்கே போங்கள், செட்டில் மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். முதலில் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால், பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்றும் 1060 என்றும் விற்கும் போலிகள் பலவற்றை அதுவே போலி என்று எழுதிக் காட்டிவிடும். பிறகு கார்டை முழுச்சுமையில் ஓட்டிப் பார்க்கும் ஃபர்மார்க் என்ற மென்பொருளைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். திரையில் புள்ளிகள் கோடுகள் வருகின்றனவா, விசிறி கரகரக்கிறதா, சூடு 85-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஓட்டி முடித்துக் கழற்றிய பிறகு மானிட்டர் வயர் மாட்டும் உலோகத் தகட்டைப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்தவெளியில் கிடந்த கார்டு என்றால் அந்தத் தகட்டிலும் திருகுகளிலும் துரு பிடித்திருக்கும். தகட்டில் துரு இருந்தால் உள்ளே பலகையும் அதே ஈரத்தைத்தான் பார்த்திருக்கிறது, நான் வாங்கமாட்டேன்.

புராசசர் மட்டும் மாற்றினால் போதுமா, போர்டும் மாற்ற வேண்டுமா?

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (புராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ரைசன் 2017-ல் வந்தபோது இருந்த அதே சாக்கெட்டில், பயாஸைப் புதுப்பித்தால், 2022-ல் வந்த ரைசன் 5 5600 பெரும்பாலான போர்டுகளில் உட்கார்ந்துவிடும். ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே கூலரும் வரும். இன்னும் மேலே போக ஆசைப்பட்டால் 5700எக்ஸ்3டி கிடைத்தால் வாங்கலாம், கூலரைத் தனியாக வாங்க வேண்டும். பழைய புராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள், கழற்றிய பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. புதுப்பிக்கும் நேரத்தில் வானம் கறுத்திருந்தால் மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள், நடுவில் கரண்டு போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம்.

இன்டெல்லில் இந்தத் தாராளம் இல்லை. 6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் போர்டில் மற்றொன்று ஓடாது. 13, 14-ஆம் தலைமுறையில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள பல புராசசர்களுக்கு வோல்டேஜ் கோளாறால் நாளடைவில் நிலைகுலையும் பிரச்சினை இருந்தது, இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024-ல் பயாஸ் வழியாகத் திருத்தம் விட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. பழையதாக வாங்குவதென்றால் திருத்தம் போட்டு ஓட்டினார்களா என்று கேளுங்கள், அல்லது அந்தப் பிரச்சினை இல்லாத 12-ஆம் தலைமுறையையே வாங்கிவிடுங்கள்.

முழுக்கப் புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 சரி. 2027 வரையாவது அதற்கு ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் டிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏற்கும்.

பவர் சப்ளை எந்த வாட்? கேஸோடு (கம்ப்யூட்டர் பெட்டி) இலவசமாக வருவது போதாதா?

போதாது. கேஸோடு வரும் பெயர் தெரியாத பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி லேசாக இருக்கும். 600 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் கோட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள், கார்டும் புராசசரும் சாப்பிடுவது அந்தக் கோட்டிலிருந்துதான். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 216 வாட்தான், மீதி எல்லாம் எழுத்து.

115 வாட் சாப்பிடும் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா சொல்வது 550 வாட். நல்ல பெயருள்ள 550 அல்லது 650 வாட் வாங்கினால் அடுத்த கார்டுக்கும் சேர்த்துத் தாங்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை எவ்வளவு கரண்டு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சொல்லாது. அதற்கு வாரண்டி வருடத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் கொடுக்கிறவன் ஏதோ நம்பிக்கையோடுதான் கொடுக்கிறான்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய வகை பவர் சப்ளைகளின் பின்பக்கம் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், 115 என்றும் 230 என்றும். நம் ஊர்க் கரண்டுக்கு 230-ல்தான் இருக்க வேண்டும், 115-ல் வைத்து மாட்டினால் ஒரே ஒரு வெடிச்சத்தம்தான். அடுத்தது, வயர்கள் தனியாகக் கழறும் வகையில் ஒரு பிராண்டின் வயரை இன்னொரு பிராண்டில் மாட்டாதீர்கள். முனை அச்சு அசலாகப் பொருந்தும், ஆனால் உள்ளே எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் அந்த நொடியே போய்விடும்.

சாயங்காலம் இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் போதுமா?

போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவரில் இருக்கும் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், மற்றவை செட்டோடு தொடர்பில்தான் இருக்கும். நம் பக்கம் பருவமழை மாறும் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் தினமும் இடிதான். மின்கம்பி தோட்டத்துக்குள் நீண்ட தூரம் கம்பத்தில் தொங்கிக்கொண்டு வரும் வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கரண்டு பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு இண்டர்நெட் வயரை அப்படியே விடுகிறார்கள். ஃபைபர் கேபிள் கண்ணாடி, அது கரண்டைக் கடத்தாது. ஆனால் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் சுவரிலிருந்து அடாப்டர் போகிறது, அங்கிருந்து லேன் வயர் நேராக மதர்போர்டுக்கு வருகிறது. இடி அந்த வழியாக வந்து லேன் துளையை மட்டும் கருக்கிவிட்டுப் போன போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். கூரையில் டிஷ் வைத்த டிவி பெட்டியை எச்டிஎம்ஐ வழியாக அதே மானிட்டரில் இணைத்திருந்தால் அந்த வயரையும் கழற்றுங்கள்.

சர்ஜ் புரொடக்டர் (கரண்டு திடீரென எகிறினால் தடுக்கும் கருவி) வாங்குங்கள், சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து. அதில் பாதுகாப்பு விளக்கு ஒன்று எரியும், அது அணைந்துவிட்டால் கரண்டு வந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். உள்ளே இருக்கும் பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பக்கத்தில் விழும் பெரிய இடிக்கு எந்தப் புரொடக்டரும் தாங்காது, பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி.

கேஸைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். எர்த் சரியில்லை. பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குத் தள்ளும், எர்த் இல்லாவிட்டால் அது கேஸில் நிற்கும், நீங்கள் தொடும்போது உங்கள் வழியாக இறங்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி இருக்கிறீர்களா, எக்ஸ்டென்ஷனில் எர்த் கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதெல்லாம் சரி என்றால் வீட்டு வயரிங்கில்தான் குறை. பழைய லயத்து வீடுகளில் (தோட்டத்து வரிசை வீடுகள்) இது சகஜம். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும் இஎல்சிபி (கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்காக என்றில்லை, அந்த வீட்டில் துணி துவைக்கும் மெஷினைத் தொடுவது உங்கள் அம்மா.

ஏர்கோன் இல்லாத அறையில் சூடு தாங்குமா?

தாங்கும். அறையே 32 டிகிரி என்றால் உள்ளே எல்லாம் அதற்கு மேல்தான் ஓடும், ஆகவே முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேஸை அழகுக்காக வாங்காதீர்கள், வலை போட்ட முகப்பு வேண்டும். முன்னால் இரண்டு விசிறி காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. தோட்டத்துச் செம்மண் ரோட்டோரம் வீடு என்றால் வலையில் சிவப்பாகத் தூசி படியும், மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். கேஸின் பின்னால் காலியான துளைகளுக்கு மூடி போடாமல் விட்டால் பல்லி உள்ளே போய் சூடான இடம் பார்த்துப் படுக்கும், பவர் சப்ளைக்குள் அது செத்தால் கூடவே பவர் சப்ளையும் போகும்.

அப்பா கரண்டு பில் கேட்கிறார். எவ்வளவு ஏறும்?

நடுத்தர செட் ஒன்று கேம் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் நான்கு மணி நேரம் என்றால் 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட். வீட்டு பில்லில் யூனிட் விலையைப் பார்த்துப் பெருக்கி அப்பாவிடம் கணக்கோடு சொல்லுங்கள், கணக்கோடு கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஃபிரேம் வரம்பை மானிட்டரின் ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் மாறும்) அளவுக்கு வைத்தால் இதுவே குறையும்.

எங்கே வாங்குவது?

கார்டு, போர்டு, பவர் சப்ளை மூன்றையும் உள்ளூர் வாரண்டியோடு வாங்குங்கள். ஈப்போவிலோ, கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ, ஷாப்பி ஆன்லைன் கடையிலோ, எங்கே வாங்கினாலும் மலேசிய விநியோகஸ்தரின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதைக் கிழிக்காதீர்கள். சீனாவிலிருந்து நேராக வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத விற்பனை வரி உண்டு, விலையை ஒப்பிடும்போது அதையும் சேருங்கள்.

புது கார்டு மாட்டியும் கேம் பழைய மாதிரியே ஓடுகிறது?

மானிட்டர் வயர் மதர்போர்டில் செருகியிருக்கிறதா பாருங்கள், கார்டில் செருக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் அமைப்பில் போய் 144 என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், பலருக்கு அது 60-லேயே கிடக்கும்.

எல்லாம் மாட்டியாச்சு, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

பதற வேண்டாம். புராசசருக்குப் பக்கத்தில் போர்டின் மேல்மூலையில் இருக்கும் 8 பின் வயரைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். அது இருந்தால் ராமைக் கழற்றி, ஒரே ஒரு குச்சியை இரண்டாவது துளையில் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பாருங்கள். கார்டின் 8 பின் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, கூலரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதையும் பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஏஎம்5 போர்டு என்றால் இன்னொன்றும் உண்டு. முதல் முறை இயக்கும்போது அது டிடிஆர்5 ராமோடு ஒத்துப்போக நேரம் எடுக்கும், பல நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் செத்துவிட்டது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போட்டால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும், ஒரு கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள்.